பிலடெல்பியாவுக்கு முந்தைய 11 ஆண்டுகள்: அமெரிக்க மாநில அரசியலமைப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1787-இல் பிலடெல்பியாவில் 55 பேர் கூடினார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள், நாலு மாதத்தில் ஒரு நாட்டுக்கான அரசியலமைப்போடு வெளியே வந்தார்கள். அமெரிக்க அரசியலமைப்பைப் படிக்கிற மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த 55 பேரில் பலர் அதற்கு முன்பே தங்கள் மாநிலத்துக்கு ஒரு அரசியலமைப்பை எழுதி, அதன் கீழ் பதவி வகித்து, அதனால் அடியும் பட்டவர்கள். இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாடே இல்லாதபோது மாநிலத்துக்கு எப்படி அரசியலமைப்பு வரும்? முதலில் நாடு, அப்புறம்தானே மாநிலம்?

இந்திய முறையை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பதால் வரும் சந்தேகம் இது. இங்கே ஒரே அரசியலமைப்பு, மாநிலங்களும் அதற்குள்ளேயே அடக்கம். அமெரிக்காவில் வரிசை தலைகீழ். பிரிட்டனின் 13 குடியேற்றங்களுக்கும் தனித்தனிச் சட்டமன்றம், தனித்தனி ஆளுநர் என்று பல தலைமுறைப் பழக்கம் இருந்தது. 1775-இல் போர் மூண்டதும் மன்னரின் ஆளுநர்கள் ஒவ்வொருவராக அதிகாரத்தை இழந்தார்கள். வர்ஜீனியாவின் டன்மோர் பிரபு கப்பலில் போய் ஒளிந்துகொண்டார். வரி வாங்க, நீதிமன்றம் நடத்த, படை திரட்ட ஏதாவது ஒரு அரசு வேண்டுமே?

1776 மே மாதம், குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய கான்டினென்டல் காங்கிரஸ், அவரவர் குடியேற்றத்தில் புதிய அரசை அமைத்துக்கொள்ளும்படி பரிந்துரைத்தது. அந்தத் தீர்மானத்துக்கு ஜான் ஆடம்ஸ் எழுதிய முன்னுரை மே 15-இல் நிறைவேறியது. சுதந்திரப் பிரகடனத்துக்கு ஏழு வாரம் முன்பு! என் கணக்கில் அன்றைக்கே சுதந்திரம் பாதி முடிந்துவிட்டது.

13 மாநிலங்களும் எழுதினவா? முதலில் எழுதியது எது?

11 எழுதின. நியூ ஹாம்ப்ஷயர் முதல், 1776 ஜனவரி 5. அது போர்க்காலத்துக்கான தற்காலிக ஏற்பாடு. மார்ச்சில் தெற்கு கரோலினா. ஜூன் 29-இல் வர்ஜீனியா. அந்த ஆண்டு முடிவதற்குள் நியூ ஜெர்சி, டெலவேர், பென்சில்வேனியா, மேரிலாந்து, வடக்கு கரோலினா ஆகியவை முடித்துவிட்டன. 1777-இல் ஜார்ஜியா, நியூ யார்க். கடைசியாக, ஆற அமர 1780-இல் மாசசூசெட்ஸ்.

கனெக்டிகட்டும் ரோட் ஐலண்டும் எழுதவில்லை. 1660-களில் மன்னர் தந்த சாசனங்களிலேயே அவை ஆளுநரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தன. மன்னரின் பெயரை நீக்கிவிட்டு அதையே வைத்துக்கொண்டன. கனெக்டிகட் 1818 வரை, ரோட் ஐலண்ட் 1840-கள் வரை அப்படியே ஓட்டின.

அப்போது மையத்தில் என்னதான் இருந்தது?

கூட்டமைப்பு விதிகள் என்ற ஒப்பந்தம் இருந்தது. 1777-இல் எழுதி, 1781-இல்தான் எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்டு முடித்தன. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. தனி நிர்வாகத் தலைவர் கிடையாது, வரி போடும் அதிகாரம் கிடையாது. ஒரு எழுத்தை மாற்ற வேண்டும் என்றாலும் 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீத வரி போடலாம் என்ற யோசனையை ரோட் ஐலண்ட் ஒன்றே 1782-இல் கவிழ்த்தது. ஆக, 1787-இல் கூடியவர்களுக்கு ஒரு அரசை எப்படி நடத்துவது என்ற அனுபவம் கிடைத்த இடம் மாநிலம்தான். இரு அவை, ஆளுநர், நீதிமன்றம் எல்லாம் அங்கேதான் இருந்தன.

முதல் அரசியலமைப்புகளில் ஆளுநருக்கு ஏன் அதிகாரமே இல்லை?

சூடு கண்ட பூனை கதைதான். மன்னர் அனுப்பிய ஆளுநர்கள் சட்டமன்றத்தைக் கலைத்ததும் மசோதாக்களை முடக்கியதும் அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு மறக்கவில்லை. அதனால் ஆளுநரைக் கட்டிப்போட்டுவிட்டு எல்லா அதிகாரத்தையும் சட்டமன்றத்திடம் கொடுத்தார்கள். வர்ஜீனியாவில் ஆளுநரை ஆண்டுக்கொருமுறை சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும். மசோதாவை நிறுத்தும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. எட்டுப் பேர் கொண்ட ஆலோசனைக் குழுவைக் கேட்டுத்தான் நிர்வாகம் செய்ய வேண்டும்.

இந்தப் பதவியில் போர்க்காலத்தில் இரண்டு ஆண்டு உட்கார்ந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். 1781-இல் பிரிட்டிஷ் குதிரைப்படை அவரையும் சட்டமன்றத்தையும் துரத்தியது. பிறகு அவர் எழுதியது, 173 கொடுங்கோலர்கள் சேர்ந்தால் ஒரு கொடுங்கோலனுக்குக் குறைந்தவர்களாக இருக்க மாட்டார்கள் என்று. எல்லா அதிகாரமும் ஒரே இடத்தில் குவிந்தால், அங்கே இருப்பவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் என்பதால் மட்டும் ஆபத்து நீங்காது என்பது அவர் வாதம். 1787 மாநாட்டில் முக்கியப் பங்கு வகித்த ஜேம்ஸ் மேடிசன், பின்னால் புதிய அரசியலமைப்பை ஆதரித்து வந்த பெடரலிஸ்ட் கட்டுரைகளில் 48-ஆவதில் இந்தப் பகுதியை நீளமாக எடுத்துப் போட்டார்.

பென்சில்வேனியாவில் ஆளுநரே இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1776-இல் எழுதிய முதல் சுற்று அரசியலமைப்புகளில் மிகத் துணிச்சலானது அதுதான். ஒரே அவை, மேலவை கிடையாது. ஆளுநருக்குப் பதில் 12 பேர் கொண்ட நிர்வாகக் குழு. சொத்து இல்லாவிட்டாலும் வரி கட்டும் ஆண்களுக்கு வாக்கு. ஒருவர் ஏழு ஆண்டில் நான்கு ஆண்டுக்கு மேல் உறுப்பினராக இருக்க முடியாது. பொது மசோதாக்களை அச்சிட்டு மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், அவசரம் இருந்தாலொழிய அடுத்த கூட்டத்தொடரில்தான் நிறைவேற்ற வேண்டும். இவ்வளவும் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கும் தணிக்கையாளர் குழு ஒன்று. படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நடைமுறை வேறு மாதிரி போனது. தடுக்க ஆளில்லாத ஒற்றை அவை, 1779-இல் பிலடெல்பியா கல்லூரியின் சாசனத்தைப் பறித்தது. 1785-இல் வட அமெரிக்க வங்கியின் சாசனத்தை ரத்து செய்தது. 1783-இல் கூடிய தணிக்கையாளர் குழு கணக்கெடுத்துப் பார்த்தபோது, மசோதாக்களை முன்கூட்டி அச்சிட வேண்டும் என்ற விதியைச் சட்டமன்றம் தேவையில்லாமலே பலமுறை மீறியிருந்தது. ஜூரி விசாரணை உரிமையையும் மீறியிருந்தது. அதைச் சரிசெய்யக் குழுவுக்கு வழி ஒன்றுதான் இருந்தது, புது மாநாட்டைக் கூட்டுவது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், கிடைக்கவில்லை. ஏட்டில் ஒரு எல்லைக் கோடு போட்டுவைத்தால் மட்டும் அதிகாரம் அடங்காது என்று மேடிசன் சொன்னதற்கு இந்த அறிக்கைதான் கையிலிருந்த சாட்சி.

1787 மாநாடு நடந்தது பென்சில்வேனியா அரசின் மாளிகையில் என்பதையும் மறக்க வேண்டாம். 1776-இல் அந்த அரசியலமைப்பை இயற்றிய கூட்டத்தின் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1787-இல் அந்த நிர்வாகக் குழுவின் தலைவராகவே மாநாட்டில் உட்கார்ந்திருந்தார். அதே பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஜேம்ஸ் வில்சன், பல ஆண்டுகளாக அதை எதிர்த்தவர், ஜூன் 1-ஆம் தேதி எழுந்து, நாட்டின் நிர்வாகத் தலைவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்றார். சபையில் நீண்ட மௌனம் என்று மேடிசனின் குறிப்பு சொல்கிறது. மூன்று நாளில் அது நிறைவேறியது.

அப்படியானால் அமெரிக்க அதிபர் பதவி எந்த மாநிலத்தைப் பார்த்து வந்தது?

முதலில் நியூ யார்க். அந்த அரசியலமைப்பு ஓடிக்கொண்டே எழுதப்பட்டது. பிரிட்டிஷ் படை நியூ யார்க் நகரைப் பிடித்ததால் மாநாடு ஊர் ஊராக இடம் மாறி, 1777 ஏப்ரல் 20-இல் கிங்ஸ்டனில் முடித்தது. அக்டோபரில் அந்த ஊரையே பிரிட்டிஷார் கொளுத்தினார்கள். போர் வாசலில் நிற்கும்போது பலவீனமான ஆளுநர் உதவமாட்டார் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். சட்டமன்றம் தேர்ந்தெடுக்காமல் வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டியிடலாம். முதலில் வென்ற ஜார்ஜ் கிளின்டன் தொடர்ந்து 18 ஆண்டு இருந்தார்.

அந்த ஆளுநரின் கடமைகளைப் படித்தால் வெள்ளை மாளிகை ஞாபகம் வரும். படைத் தலைமை, மன்னிப்பு அதிகாரம், சட்டமன்றத்துக்கு மாநிலத்தின் நிலைமையைத் தெரிவிப்பது, வேண்டியதைப் பரிந்துரைப்பது, சட்டங்கள் உண்மையாக நிறைவேறுகின்றனவா என்று கவனிப்பது. இன்றைக்கு அதிபர் ஆண்டுதோறும் காங்கிரஸில் நிகழ்த்தும் நாட்டு நிலை உரையின் மூலம் இதில் இருக்கிறது. நியூ யார்க் வரைவில் ஜான் ஜேயுடன் கைகோத்தவர்களில் ஒருவர் கவர்னியர் மோரிஸ். 1787-இல் அவர் பென்சில்வேனியா சார்பில் வந்து, அரசியலமைப்பின் இறுதி வாசகத்தைச் செதுக்கினார்.

அதிபரின் வீட்டோ அதிகாரம் பிரிட்டிஷ் மன்னரைப் பார்த்து வந்ததுதானே?

மன்னரின் மறுப்பு முழு மறுப்பு, அதற்கு மேல் பேச்சே இல்லை. அதிபருடையது அப்படியில்லை. அவர் மறுத்தாலும் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் மீண்டும் நிறைவேற்றலாம். இந்த ஏற்பாடு வந்த பாதை சுவாரஸ்யமானது, தேர்வுக்குப் படிப்பவர்களும் தெரிந்துவைத்திருக்கலாம்.

1777-இல் நியூ யார்க், ஆளுநரும் மூத்த நீதிபதிகளும் சேர்ந்த ஒரு மறுபரிசீலனைக் குழுவுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. 1780-இல் மாசசூசெட்ஸ் நீதிபதிகளை விட்டுவிட்டு ஆளுநரிடம் மட்டும் கொடுத்தது. 1787-இல் வர்ஜீனியா அணி கொண்டுவந்த திட்டத்தில் நியூ யார்க் பாணிக் குழுதான் இருந்தது. சட்டத்தை விளக்க வேண்டிய நீதிபதி அதை இயற்றுவதிலும் கை வைக்கலாமா என்று மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெர்ரி கேட்டார், மாசசூசெட்ஸ் வழி வென்றது. மேடிசனும் வில்சனும் அந்தக் குழுவை மறுபடி மறுபடி கொண்டுவந்து தோற்றார்கள். நடுவில் ஆகஸ்டில் நான்கில் மூன்று பங்கு என்று உயர்த்தி, செப்டம்பரில் மறுபடி மூன்றில் இரண்டுக்கு இறக்கினார்கள்.

வாசகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம்கூடத் தெரியும். மசோதாவை ஆட்சேபங்களுடன் அது தொடங்கிய அவைக்கே திருப்பி அனுப்புவது, ஆட்சேபத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது, யார் ஆதரவு யார் எதிர்ப்பு என்று பெயர் பெயராகக் குறிப்பது எல்லாம் மாசசூசெட்ஸ். கெடு மட்டும் மாசசூசெட்ஸில் ஐந்து நாள், நியூ யார்க்கில் பத்து நாள். கூட்டாட்சி அரசியலமைப்பில் ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள். மாநாடு மாசசூசெட்ஸிலிருந்து நகலெடுத்ததாகத் தெரிகிறது என்று, பெடரலிஸ்ட் கட்டுரைகளை மேடிசனோடு சேர்ந்து எழுதிய அலெக்சாண்டர் ஹாமில்டனே 69-ஆவது கட்டுரையில் எழுதினார்.

செனட் மாநிலங்களுக்குச் சம உரிமை கொடுக்க வந்தது. அதற்கும் மாநில அரசியலமைப்புக்கும் என்ன தொடர்பு?

மாநிலத்துக்கு இரண்டு பேர் என்ற எண்ணிக்கை 1787 ஜூலை சமரசத்தில் வந்தது, சரி. அதற்கு முன்பே நீண்ட பதவிக்காலமுள்ள மேலவை வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அதற்கு எல்லோரும் காட்டிய உதாரணம் மேரிலாந்து. அங்கே 15 செனட்டர்களுக்கு ஐந்து ஆண்டுப் பதவி. மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் ஆண்டுதோறும் தேர்தல் நடந்த காலத்தில் இது மிக நீளம். கீழவை காகிதப் பணம் அச்சடிக்க மசோதா நிறைவேற்றியபோது மேரிலாந்து செனட் அசையவில்லை. மதிப்புக் குறைந்த காகிதத்தில் கடன் திரும்பி வருமோ என்று பயந்த, கடன் கொடுத்த வர்க்கத்துக்கு இது பெரிய நிம்மதி, பிலடெல்பியாவில் கூடியவர்களில் அந்த வர்க்கத்தினர் குறைவில்லை.

இன்னொன்றும் உண்டு. மேரிலாந்தில் மக்கள் செனட்டர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாவட்டத்துக்கு இரண்டு தேர்வாளர்களை அனுப்ப, அவர்கள் அன்னாபொலிஸில் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் முறைக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்த முன்மாதிரி இது.

அதிகாரப் பிரிவினையைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூவிடமிருந்து எடுத்தார்கள் என்றுதான் புத்தகத்தில் போட்டிருக்கிறது. தேர்வில் எதை எழுதுவது?

தேர்வில் மான்டெஸ்கியூவையே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். அதிகாரப் பிரிவினை என்ற கருத்துக்கு அவர்தான் அன்று பெரிய பெயர். ஆனால் பெடரலிஸ்ட் 47-ஆவது கட்டுரையில் மேடிசன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மான்டெஸ்கியூவை மேற்கோள் காட்டிய கையோடு, நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து ஜார்ஜியா வரை ஒவ்வொரு மாநிலமாக எடுத்து, பிரிவினையை ஏட்டில் உரக்கச் சொன்ன மாநிலங்கள்கூட நடைமுறையில் எப்படிக் கலந்து வைத்திருந்தன என்று காட்டுகிறார். தத்துவம் பொதுச் சொத்து. ஒன்றையொன்று எந்த அளவுக்குத் தடுக்க விடலாம் என்ற அளவுக் கணக்கு மாநிலங்களில் போட்டுப் பார்த்தது.

'மக்களாகிய நாம்' என்று தொடங்குகிறார்களே, மக்களிடம் உண்மையிலேயே கேட்டார்களா?

முதல் சுற்றில் பெரும்பாலான மாநிலங்களில் கேட்கவில்லை. சட்டமன்ற வேலையைப் பார்த்த அதே கூட்டம் அரசியலமைப்பையும் எழுதி நிறைவேற்றிக்கொண்டது. 1776 அக்டோபரில் மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊர்க்கூட்டம் இதை ஒரே போடாகப் போட்டது. அரசியலமைப்பு என்பது ஆள்பவர்களிடமிருந்து மக்களைக் காப்பது, ஆள்பவர்களே எழுதினால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள், அதனால் இதற்கென்றே தனி மாநாடு வேண்டும் என்பது அவர்கள் தீர்மானம்.

சட்டமன்றம் கேட்கவில்லை. தானே ஒன்றை எழுதி 1778-இல் ஊர்களுக்கு அனுப்பியது, ஊர்கள் பெரும்பான்மையாக நிராகரித்தன. அப்புறம்தான் 1779-இல் தனி மாநாடு கூடியது. ஜான் ஆடம்ஸ் வரைவு எழுதிக் கொடுத்துவிட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். 1780-இல் ஊர்க்கூட்டங்கள் பிரிவு பிரிவாக விவாதித்து ஏற்றன. தனி மாநாடு எழுதுவது, மக்கள் ஒப்புதல் தருவது என்ற இந்த இரண்டு படிகளைத்தான் 1787-இல் நாடளவில் எடுத்துக்கொண்டார்கள். மாநிலச் சட்டமன்றங்களைத் தாண்டி, இதற்கென்றே தேர்ந்தெடுத்த மாநாடுகளிடம் போனார்கள், ஒன்பது மாநிலம் போதும் என்றார்கள். 1788 ஜூன் 21-இல் ஒன்பதாவது கிடைத்தது.

மாநிலங்களில் உரிமைச் சாசனம் இருந்தபோது கூட்டாட்சி அரசியலமைப்பில் ஏன் விட்டுவிட்டார்கள்?

இருந்ததால்தான் விட்டார்கள் என்றே சொல்லலாம். 1776 ஜூன் 12-இல் வர்ஜீனியா ஏற்ற உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஜார்ஜ் மேசன், 1787 செப்டம்பர் 12-இல் இங்கும் ஒன்று வேண்டும் என்றார். மாநிலப் பிரகடனங்களை வைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்பது அவர் கருத்து. கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன், மாநிலப் பிரகடனங்கள் ரத்தாகவில்லை, அவையே போதும் என்றார். ஒரு மாநிலம்கூட மேசனுக்கு வாக்களிக்கவில்லை. மேசன் கையெழுத்துப் போடாமல் போனார்.

ஒப்புதல் மாநாடுகளில் இதுவே பெரும் தலைவலியானது. மாசசூசெட்ஸில் 187–168 என்ற இழுபறியில், திருத்தங்களைப் பரிந்துரைத்துத்தான் ஒப்புதல் கிடைத்தது. 1789-இல் மேடிசன் திருத்தங்களை எழுத உட்கார்ந்தபோது, மாநிலப் பிரகடனங்களும் மாநாடுகளின் கோரிக்கைப் பட்டியல்களும்தான் அவருக்கு மூலப்பொருள். அதிகப்படியான பிணைத்தொகை, கொடிய தண்டனை ஆகியவற்றைத் தடுக்கும் எட்டாவது திருத்தம் கிட்டத்தட்ட மேசனின் வாசகம். மேசன் அதை 1689-இன் ஆங்கில உரிமைச் சட்டத்திலிருந்து எடுத்தார். காரணமில்லாத சோதனையைத் தடுக்கும் நான்காவதில் மாசசூசெட்ஸ் பிரகடனத்தின் 14-ஆவது பிரிவு தெரிகிறது. பத்துத் திருத்தங்கள் 1791 டிசம்பர் 15-இல் நிறைவேறின.

மாநிலங்களிடம் இவ்வளவு கற்றவர்கள் ஏன் மாநிலங்களின் கையைக் கட்டினார்கள்?

கற்றதில் பாதி பயம் என்பதால். 1780-களில் விவசாயிகள் கடனில் தவித்தார்கள். ஆண்டுதோறும் தேர்தல் என்பதால் சட்டமன்றங்கள் அவர்கள் குரலுக்கு உடனே அசைந்தன. ரோட் ஐலண்ட் 1786-இல் காகிதப் பணம் அச்சடித்து, வாங்க மறுப்பவருக்கு அபராதமும் போட்டது. மாசசூசெட்ஸ் நேர்மாறு. அங்கே வலுவான ஆளுநரும் மேலவையும் இருந்தார்கள், நிவாரணம் வரவில்லை, கடனில் தவித்த விவசாயிகளின் ஷேஸ் கலகம் வெடித்தது. நல்ல அரசியலமைப்பு என்று எல்லோரும் புகழ்ந்த மாநிலத்தில்தான் துப்பாக்கி எடுத்தார்கள் என்பதைப் புத்தகங்கள் அதிகம் அழுத்திச் சொல்வதில்லை.

மேடிசன் மாநாட்டுக்கு முன் எழுதிவைத்த குறிப்பில், மாநிலச் சட்டங்கள் அளவுக்கு மிஞ்சியவை, அடிக்கடி மாறுபவை, அநீதியானவை என்று வரிசைப்படுத்தினார். எந்த மாநிலச் சட்டத்தையும் ரத்து செய்ய மைய அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்றே கேட்டார், கிடைக்கவில்லை. கிடைத்தது முதல் உறுப்பின் பத்தாம் பிரிவு. மாநிலம் காகிதப் பணம் வெளியிடக்கூடாது, ஒப்பந்தக் கடப்பாட்டைக் குலைக்கக்கூடாது.

சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்வது 1803 மார்பரி வழக்கில்தானே தொடங்கியது?

உச்ச நீதிமன்றத்தில் காங்கிரஸ் சட்டத்தை அப்படிச் சொன்னது அப்போதுதான். மாநிலங்களில் முன்பே நடந்தது. ரோட் ஐலண்டில் மேலே சொன்ன பணத்தை நியூபோர்ட் கசாப்புக் கடைக்காரர் ஒருவர் வாங்க மறுத்து, 1786-இல் வழக்கு வந்தது. ஜூரி இல்லாமல் தண்டிக்கும் சட்டம் செல்லாது என்று அவர் தரப்பு வாதாடியது. நீதிபதிகள் வழக்கை ஏற்க மறுத்தார்கள், சட்டமன்றம் அவர்களையே கூப்பிட்டு விளக்கம் கேட்டது. 1787-இல் வடக்கு கரோலினா நீதிமன்றம் பேயார்ட் வழக்கில், ஜூரி விசாரணையைப் பறித்த மாநிலச் சட்டத்தை, மாநில அரசியலமைப்பை மீறுகிறது என்று நேரடியாகவே தள்ளியது.

வாக்குரிமையை யாருக்குக் கொடுத்தார்கள்?

1787-இல் கூடியவர்கள் முடிவே செய்யவில்லை. மாநிலக் கீழவைக்கு யார் வாக்களிக்கலாமோ அவர்களே கூட்டாட்சிப் பிரதிநிதிகள் அவைக்கும் வாக்களிக்கலாம் என்று எழுதி நழுவினார்கள். அதனால் விசித்திரங்களும் வந்து சேர்ந்தன. நியூ ஜெர்சியின் 1776 அரசியலமைப்பு, 50 பவுண்டு சொத்துள்ள எல்லாக் குடியிருப்போருக்கும் வாக்கு என்றது. சொத்துள்ள விதவைகளும் திருமணமாகாத பெண்களும் வாக்களித்தார்கள். 1807-இல் சட்டம் போட்டு அதைப் பறித்தார்கள்.

அடிமை முறை பற்றிய விதிகளும் மாநிலங்களிலிருந்து வந்ததா?

ஐந்தில் மூன்று பங்கு கணக்கு மாநில அரசியலமைப்புகளிலிருந்து வரவில்லை. 1783-இல் கூட்டமைப்பின் காங்கிரஸ் வரிப் பங்கீட்டுக்காக யோசித்த கணக்கு அது. எல்லோரும் சுதந்திரமாகப் பிறந்தவர்கள் என்ற மாசசூசெட்ஸ் வாசகத்தை வைத்து 1783-இல் அங்கே நீதிமன்றம் அடிமை முறைக்கு எதிராகப் பேசியது. அந்த வாசகம் மட்டும் பிலடெல்பியாவுக்குப் பயணம் செய்யவில்லை.

கூட்டாட்சி அரசியலமைப்பு வந்த பிறகு மாநிலங்கள் தங்களுடையதை மாற்றிக்கொண்டனவா?

சில உடனே மாற்றின. ஒற்றை அவை வைத்திருந்த ஜார்ஜியா 1789-இல் இரு அவைக்குப் போனது. பென்சில்வேனியா 1790-இல் பழையதைக் கைவிட்டு ஆளுநர், மேலவை, வீட்டோ எல்லாவற்றையும் கொண்டுவந்தது. வரைவில் முக்கியக் கை வில்சனுடையது. மாசசூசெட்ஸின் 1780 அரசியலமைப்பு பல திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது.

வெர்மான்ட் கதை தனி. 13-இல் சேராமல் தனியாக நின்று, 1777-இல் பென்சில்வேனியாவைப் பார்த்துத் தனக்கு ஒன்று எழுதிக்கொண்டது. அதில் வயதுவந்தவர்களை அடிமையாக வைக்கத் தடையும் சேர்த்தது. 1791-இல் 14-ஆவது மாநிலமாக உள்ளே வந்தபோதும் ஒற்றை அவையோடுதான் வந்தது, 1836 வரை அதை விடவில்லை. பென்சில்வேனியா தூக்கிப்போட்ட அந்தத் தணிக்கையாளர் குழு வெர்மான்டில் 1870 வரை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக்கொண்டிருந்தது.